இரண்டு குடம் தண்ணீரும் இடிதாங்கியும்

சேசு மரி சூசை துணை

தண்டையார்பேட்டை, 9-10-1932

அன்புள்ள லூர்து அண்ணனுக்குத் தங்கை சிலுவையம்மாள் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும் உங்க மச்சானும் உயிரோடு இருக்கிறோம்; சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

எண்ணெய்க் கிடங்குக்கு இவர் காவல்காரராகி இரண்டு வருஷம். கிடங்குக் கூரை மேல் இடிதாங்கியிலிருந்து செம்புப் பட்டை ஒன்று, ஒட்டினாப்போல இருக்கிற எங்க வீட்டுச் சன்னலோரமா இறங்கி மண்ணுக்குள்ளே போகுது; பக்கத்திலேயே ஒரு குழி. அந்தக் குழி ஈரமா இருந்தாத்தான் இடி சாதுவா மண்ணுக்குள் இறங்குமாம், காய்ஞ்சா கிடங்கோடு நாங்களும் போவோமாம். தினம் ரெண்டு குடம் ஊத்தணும்னு இவருக்கு உத்தரவு. இவருக்கோ இடுப்பு வலி. யார் ஊத்தினது? நான்தான். மாதா சுரூபத்துக்கு விளக்கேத்தினதும் ரெண்டு குடம், நோட்டில் ரெண்டு கோடு. காய்ச்சலில் கிடந்தன்னிக்கும் கோடு விடலை அண்ணா. பக்கத்து லைன் வீட்டுக் கன்னியம்மா என்ன பண்ணுறா? காசிமேட்டு மீனை உப்பில் ஊறவெச்ச தண்ணியைக் கொண்டாந்து அவ பின்வாசலில், எங்க சுவரோரம் கவுக்கிறா. நாத்தத்தில் செபமாலையில் எத்தனாவது மணின்னு மறந்துபோகுது. கேட்டா, "இன்னா சிலுவையம்மா, மீனு துன்றப்ப நாறல, தண்ணி நாறுதா? எய்தி வெச்சுக்கோ உன் நோட்டுல" என்கிறாள். எழுதித்தான் வெச்சிருக்கேன், நானூத்திப் பன்னெண்டு தடவை.

நேத்து இடிதாங்கிக்குப் பரீட்சை. தேறலைன்னா இவர் வேலையும் இந்த வீடும் போச்சு. இன்ஸ்பெக்டர் வரதன் ரெண்டு கம்பியை மண்ணில் அடிச்சு, ஒயர் மாட்டி, ஒரு பெட்டியின் கைப்பிடியைச் சுத்தினார். இடி மண்ணுக்குள் எவ்வளவு லேசா இறங்கும்னு அளக்கிற பெட்டியாம். முள் ஆடி நின்னுது. "இந்த வட்டாரத்திலேயே இப்படி ஒரு குழி பார்த்ததில்லையம்மா, யார் கவனிக்கிறது?" என்றார். நோட்டைக் காட்டினேன். ரெண்டு வருஷத்துக் களைப்பும் அப்பதான் அழுகையா வந்துது. அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். கம்பெனி லைன் வீடெல்லாம் உங்க பொறுப்புதானே, கன்னியம்மாவைக் காலி பண்ணச் சொல்லி மனு இதோடு வெச்சிருக்கேன். அவளிடமும் சொல்லிட்டேன். "போய்க்கினே இரு. இனிமே உன் சுவத்தாண்ட ஒரு சொட்டு ஊத்துனா ஏன்னு கேளு" என்று கதவைச் சாத்தினாள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் இடி மின்னலில் அர்ச்சியசிஷ்ட பார்பரம்மாள் காவலாக இருப்பாளாக.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில், நேத்து மறந்து விட்டுப்போன குடையை எடுக்க வரதன் வந்தார். நான் தண்ணி ஊத்துற குழியைப் பெருமையாக் காட்டினேன். அது பழைய குழாய்க் குழியாம். பட்டை மண்ணுக்குள்ளேயே பத்தடி ஓடிக் கன்னியம்மா பின்வாசலில்தான் முடியுதாம். "அவங்க கவுக்கிற மீன் உப்புத் தண்ணிதாம்மா காப்பாத்திச்சு, உப்பு ஈரத்தில் இடி இன்னும் சுலபமா இறங்கும். நிறுத்திடாதீங்க, தை மாசம் மறுபடி பார்ப்பேன்" என்று போய்விட்டார். மனுவைக் கிழிச்சிட்டேன். அவள் கூரை ஒழுகுதாம், சீக்கிரம் ஓடு மாத்திக் கொடுங்க, வேறெங்கும் குடிபோக விட்டுடாதீங்க. இப்பதான் போய்க் கதவைத் தட்டிட்டு வந்தேன். "யாரு, நோட்டா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கதவு திறக்கலை.