நான் இல்லாதபோது பேசிய நான்

என்னைவிட நல்ல வாத்தியார் ஒருவர், என் பெயரிலேயே பல வாரம் என் வேலையைப் பார்த்தார். அவர் யாரென்று தெரியாமல் நான் நடுங்கிய கதையை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். விருத்தாசலத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். சென்னையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்த தலைக்கனத்தில், ‘வர்ச்சுவல் டீம்’ நடத்திக் காட்டுவதாக முதல்வரிடம் அளந்துவிட்டேன். எங்கள் மாணவர்கள் நான்கு பேர், கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி மாணவர்கள் நான்கு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சாட்டில் மட்டும் பேசி, எங்கள் ஊர் பீங்கான் பொம்மைகளுக்கு படமும் விலையும் போட்ட ஒரு விற்பனைப் புத்தகம் தயாரிக்க வேண்டும்.

“செஞ்சு காட்டுங்க. அத பாத்துட்டு அடுத்த வருஷத்துக்கு ஒங்களுக்கு வேலை ஆர்டர் போடுறதா வேணாமான்னு சொல்றேன்” என்றார் முதல்வர். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான். வேலை போனால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது?

குழுவுக்குத் தலைவி தமிழ்ச்செல்வி. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வரும், அதிர்ந்து பேசாத பெண். நான் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து, “ஏன் லேட்?”, “இதெல்லாம் ஒரு வேலையா?” என்று சாட்டில் அதட்டுவேன். (அதற்குத் தலைமைப் பண்பு என்று பெயர் வைத்திருந்தேன்.) அணைத்தால் மறுபடி இணைப்பு கிடைக்காது என்று, அப்படியே திறந்துபோட்டுவிட்டுக் கல்லூரிக்கு ஓடுவேன்.

மூன்றாவது வாரம் தமிழ்ச்செல்வி வந்து நின்றாள். “ரொம்ப நன்றிங்க சார். நேத்து மத்தியானம் நீங்க அப்புடி சொன்ன பின்னாலதான் சோறே எறங்குச்சு.”

நேற்று மத்தியானம் நான் அறுபது பேருக்கு முன்னால் வகுப்பில் நின்றிருந்தேன். ஆனாலும் வந்த நன்றியைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. “பரவால்லம்மா” என்றேன்.

அவளைக் கல்லூரி லேபுக்கு அழைத்துப்போய் சாட்டைத் திறக்கச் சொன்னேன். என் பெயர் இருந்தது. எதிரே: “அழுவாத கண்ணு. அச்சுல ஊத்துன ஒடனே பொம்மைய உருவுனா பிஞ்சிடும். கோயம்புத்தூரு புள்ளைங்களுக்கு ரெண்டு நாளு வுட்டுப் பாரு.”

நான் ஆயுளில் யாரையும் ‘கண்ணு’ என்றதில்லை. பொம்மையை அச்சில் ஊற்றுவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. மேலே படிக்கப் படிக்க இன்னும் மோசம். நான் ஸ்டாஃப் ரூமில் வடை தின்ற நேரத்தில், நான் ஒரு சண்டையைத் தீர்த்துவைத்திருந்தேன்.

அன்றிலிருந்து சவரம் செய்யவே பயம். கண்ணாடியில் இருப்பவன் எனக்கு முந்திப் பேசிவிடுவானோ என்று பாதி முகத்தோடு எழுந்துவிடுவேன். முதல்வரிடம் சொன்னால் ஆர்டர் வராது, பைத்தியக்காரப் பட்டம்தான் வரும். மனைவி மல்லிகாவிடம் கெட்ட கனவு என்று மட்டும் சொன்னேன். அவள் பழமலைநாதர் கோயில் விபூதியைப் பூசிவிட்டு, “பயப்படாதீங்க” என்றாள். கணினி இருந்த அறைப் பக்கமே நான் போகவில்லை. டைப் அடிப்பதை நான் நிறுத்தினேன். அவன் நிறுத்தவில்லை. வேலை மளமளவென்று நடந்தது.

முதல்வர் பார்க்க வந்த நாள். லேபில் தமிழ்ச்செல்வி கணினி முன் உட்கார்ந்திருந்தாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். திரையில் என் பெயர் மின்னியது. நான் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. பிறகு வந்து விழுந்தது:

“பிரின்ஸ்பாலு வந்துட்டாரா? பயப்படாதீங்க கண்ணுங்களா. நம்ம சாரு கொஞ்சம் கத்துவாரு. உள்ளுக்குள்ள ஒன்னும் இல்ல.”

முதல்வர் அதை வாய்விட்டுப் படித்தார். “இது யாருய்யா?”

“நான்தான் சார்.”

என் சட்டைப் பொத்தானை விரலால் தொட்டார். “அப்ப இது யாரு?”

எனக்கே சந்தேகமாக இருந்தது. அலுவலகத்துக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டேன், மல்லிகாவிடம் சொல்லி ஒயரைப் பிடுங்கிவிடலாம் என்று. டொய்ங், டொய்ங் என்று எங்கேஜ்டு. அந்தக் காலத்தில் ஒரே ஒயர். இன்டர்நெட் ஓடினால் போன் அடிக்காது. அப்படியானால் என் வீட்டில், இந்த நிமிடம்… ஆட்டோ பிடித்துப் பறந்தேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே டக்டக்கென்று சத்தம். என் நாற்காலியில் மல்லிகா. தோளில் துடைக்கிற துணி. கீபோர்டைப் பார்க்காமலே பத்து விரலும் ஓடின.

“வந்துட்டீங்களா? பிரின்ஸ்பாலு என்ன சொன்னாருன்னு புள்ளைங்க இன்னும் சொல்லலியே?”

“நீயா?”

“தொடச்சிக்கிட்டு இருந்தேங்க. அந்தப் பொண்ணு எல்லாத்தையும் வுட்டுட்டுப் போறேன்னு அழுவுது. எப்புடிங்க பாத்துக்கிட்டு சும்மா இருக்குறது? அதுல ஒங்க பேருதான் இருந்துச்சு. மாத்தத் தெரியல.”

“தொட்டா ஷாக் அடிக்கும்னு சொன்னேனே!”

“அடிக்கலைங்க.”

கல்யாணத்துக்கு முன் பீங்கான் கம்பெனியில், அச்சுப் பிரிவில் இருபது பேரை வைத்து வேலை வாங்கியவள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். பெண் பார்த்த அன்றே சொன்னார்களாம். லோயரிலேயே இரண்டு தடவை பெயிலான நான் அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. வெட்கமாக இருந்தது. பேய் இல்லை என்பதில் நிம்மதியாகவும் இருந்தது.

முதல்வரிடம் உண்மையைச் சொன்னேன். ஆனாலும் ஆர்டர் வந்தது. “சாட்ல மட்டும் ஒங்க வீட்டம்மாவே பேசட்டும்” என்றார் முதல்வர்.

“எப்பம்மா ஒனக்குத் தெரிஞ்சுது?” என்று தமிழ்ச்செல்வியைக் கேட்டேன்.

“மொத நாளே நீங்க இல்லன்னு தெரியுங்க சார். யாருன்னு தெரியாமத்தான் நன்றிய ஒங்ககிட்ட சொன்னேன். நீங்க ‘சாப்புட்டியா’ன்னு கேக்கவே மாட்டீங்களே.”

சில வருடம் கழித்து அவள் கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையில் ‘பெரிய சார், சின்ன சார் இருவருக்கும்’ என்று எழுதியிருந்தாள். அது ஊரெல்லாம் பரவிவிட்டது. இன்றும் பழைய மாணவர்கள் வந்தால், கதவைத் திறக்கும் என்னை ஏற இறங்கப் பார்த்து, “பெரிய சார் இருக்காருங்களா?” என்றுதான் கேட்கிறார்கள். நான் உள்ளே போய் மல்லிகாவைக் கூப்பிடுகிறேன்.