கொட்டாஞ்சேனை மேட்டில் குளிர்

இந்தக் கொழும்பில் குளிருக்குப் பயந்து நெஞ்சுக்குள் பேப்பர் செருகிக்கொண்டு சைக்கிள் ஓடிய ஒரே மனிதர் எங்கள் சுவிஸ் அண்ணைதான். அவருக்கு முன்னும் அப்படி ஒருவர் இருந்ததில்லை, இனியும் ஒருவர் வேண்டாம். இந்த ஒருவரோடு திரிந்து நான் பட்ட வெட்கமே ஏழு பிறப்புக்கும் காணும்.

அவருடைய சொந்தப் பெயர் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. சுவிற்சர்லாந்தில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில், ஹோட்டல் குசினியில் சமைத்தே முக்கால்வாசி ஆயுளைக் கழித்தவர். "எனக்குக் கோயிலும் வேணும், நல்ல மீனும் வேணும்" என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றதால் இங்கே வந்து, எங்கள் பிளட்ஸில் எனக்கு மேல் மாடியில் குடியேறினார். அந்த அம்மாவுக்குக் கோயிலும் கிடைத்தது, மீனும் கிடைத்தது. அண்ணைக்கு மலைதான் கிடைக்கவில்லை.

பள்ளத்தாக்கைப் பற்றி அவர் கதைக்கத் தொடங்கினால் லிஃப்ட் மேலே போய், கீழே வந்து, திரும்பவும் மேலே போகும்.

"பாரும் தம்பி, பெரிய ரோட்டில கார் எல்லாம் பறக்கும். ஆனா ஆத்துக்கு அங்கால பழைய ரோட்டு ஒண்டு கிடக்கு. ஒரு சனம் இல்லை. மாட்டின்ர கழுத்து மணி மட்டும் கேக்கும். முதல்ல ஒரு மரப்பாலம், பிறகு சின்னச் சேர்ச் ஒண்டு, அங்கயிருந்து ஏற்றம் துவங்கும். வளைஞ்சு வளைஞ்சு போகும். வேலைக்குப் போறதும் அதால, வாறதும் அதால. எதிர்ல வாற சைக்கிள்காரன் ஆரெண்டே தெரியாது. எண்டாலும் வணக்கம் சொல்லாமல் போகமாட்டான்."

நான் வங்கியில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாண் வாங்கப் போவதென்றாலும் இஸ்திரி போட்ட சேர்ட்தான் போடுவேன். அப்படிப்பட்ட என்னிடம், "சீனி கூடிப்போச்சு, உடம்பை அசையுங்கோ" என்று டொக்டர் சொன்னது எப்படியோ அண்ணையின் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் காலை என் வாசலில் ஒரு சைக்கிளும் ஒரு பொலித்தீன் பையும் நின்றன.

பைக்குள் ஒரு காற்சட்டை. கறுப்பு நிறம். தோலோடு தோலாக ஒட்டுகிற சாமான். பின்பக்கம் மொத்தமாகப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. போட்டுக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தேன். மனைவி தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டாள்.

"ஐயோ, இஞ்சாருங்கோ! ஆரும் பாக்க முந்தி உள்ளுக்குப் போங்கோ. குழந்தைப் பிள்ளைக்கு நப்பி கட்டின மாதிரிக் கிடக்கு."

ஆனாலும் போனேன். போகாவிட்டால் அவர் வாசலில் நின்று சைக்கிள் மணியை அடித்து முழு பிளட்ஸையும் எழுப்பிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அவர் கண்டுபிடித்து வைத்திருந்த அமைதியான பாதை இதுதான். மரைன் டிரைவில் கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நேரே போவது, காலிமுகத்திடலைத் தாண்டுவது, கடை பூட்டிக் கிடக்கும் புறக்கோட்டைக்குள்ளால் நுழைவது, கடைசியில் துறைமுகப் பக்கமிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறுகிற மேடு. வெள்ளவத்தையிலிருந்து இவ்வளவு தூரம் ஓடியது அந்த ஒரு மேட்டுக்காகத்தான். "கொழும்பில மலை எண்டு சொல்ல இது ஒண்டுதான் இருக்கு தம்பி" என்பார்.

போகிற வழியில் எதிரே வரும் சைக்கிள்காரர் எல்லாருக்கும் கையை உயர்த்தி வணக்கம். பம்பலப்பிட்டியடியில் ஒரு மீன்காரர் சடாரென்று பிரேக் பிடித்து, "மொனவாத ஓனெ மஹத்தயா?" என்று பெட்டி மூடியைத் திறந்துவிட்டார். என்ன வேண்டும் என்று கேட்கிற மனிதரிடம் சும்மா வணக்கம்தான் சொன்னோம் என்று எப்படிச் சொல்வது? ஒரு கிலோ சூரை வாங்கி என் சைக்கிளில் கொழுவினோம். இன்னொரு நாள் ரோட்டில் இருந்த குழியை எனக்குக் காட்டுவதற்காக அண்ணை கையை நீட்டினார். பின்னால் வந்த பஸ் நின்றுவிட்டது. "நகின்ன, நகின்ன!" என்று கொண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்த, பஸ்ஸுக்குள் இருந்த அவ்வளவு பேரும் எட்டிப் பார்த்தது என் காற்சட்டையைத்தான்.

மேட்டு உச்சிக்கு அவர் எப்போதும் முதலில் போய்விடுவார். போய், எனக்காகக் காத்து நிற்பார். "பின்னால வாற ஆளை விட்டிட்டுப் போற பழக்கம் எங்கட பள்ளத்தாக்கில இல்லை." நான் வந்து சேர்ந்ததும் பழைய பேப்பரை மடித்து என் சேர்ட்டுக்குள் செருகுவார்.

"ஏறேக்கை வேர்க்கும். அந்த வேர்வையோட இறங்கினா நெஞ்சில குளிர் பிடிச்சிடும். அங்க எல்லாரும் உச்சியில பேப்பர் வைச்சுப்போட்டுத்தான் இறங்குறது."

"அண்ணை, இது கொட்டாஞ்சேனை."

"மலை மலைதான் தம்பி."

ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். பாதி மேட்டில் ஒரு பேக்கரி இருக்கிறது, அதோடு ரோட்டு வளைகிறது. அங்கே வந்ததும் நான் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், உச்சிக்குக் கிட்டத் திரும்ப ஏறிக்கொள்வேன். ஒரு ஞாயிறும் தவறாது.

இப்படியிருக்க என் மகளுக்குச் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை வீடு எங்கே என்று நினைக்கிறீர்கள்? அதே மேட்டின் உச்சி! சம்மந்தி நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தவர். பேச்சுக்கால் நடந்த அன்று ஒரு தடவைகூட அவருடைய பல்லை நாங்கள் காணவில்லை. மகளுக்கோ அந்தப் பொடியனைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

"அண்ணை, கலியாணம் முடியுமட்டும் அந்த மேடு வேண்டாம்" என்று கெஞ்சினேன்.

"விடியக்காலமை ஆர் பாக்கப்போகினம்? நீர் வாரும்."

போனோம். உச்சியில் சம்மந்தி வீட்டு கேற்றுக்கு நேரே எனக்கு மூச்சு முட்டியது. அப்படியே ரோட்டோரக் கல்லில் குந்திவிட்டேன். அண்ணை என் சேர்ட்டைத் திறந்து பேப்பரைச் செருகிக்கொண்டிருந்தார். கேற் திறந்தது. பால் பக்கற் வாங்கப் புறப்பட்ட சம்மந்தி கண்டது இதுதான்: வாயைப் பிளந்தபடி நிலத்தில் நான், என் நெஞ்சுக்குள் கையை விட்டுக்கொண்டு வேறொரு மனிதர்.

"ஐயோ! சம்மந்திக்கு நெஞ்சுவருத்தம்! ஓடி வாங்கோ!"

சேர்ச்சில் முதல் பூசை முடிந்து வந்த சனம் முழுதும் ஓடி வந்தது. ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார், ஒருவர் சோடாவை வாயில் ஊற்றினார், மற்றவர் தலையில் ஊற்றினார். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. எனக்குக் கதைக்க மூச்சு வரவில்லை. சம்மந்தி என் நெஞ்சைத் தடவினார். பேப்பர் சரசரத்தது. வெளியே இழுத்தார்.

"இது என்ன?"

"குளிருக்கு" என்றார் அண்ணை, பெருமையாக.

சம்மந்தி பேப்பரைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். கடைசியாக என் காற்சட்டையைப் பார்த்தார், அதை மட்டும் நெடுநேரம். பிறகு உள்ளே போய் கேற்றைச் சாத்தினார். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு போன் இல்லை. நாங்கள் எடுத்தாலும் பதில் இல்லை. மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டே திரிந்தாள். "பரவாயில்லை அப்பா" என்று மகள் சொன்னாள். அவள் ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

லிஃப்டில் அண்ணையைக் கண்டதும் கொட்டித் தீர்த்தேன். "உங்கட கூத்தால என்ர பிள்ளையின்ர கலியாணம் குழம்பிப்போச்சு. இனி என்ர வாசல் பக்கம் வராதையுங்கோ!" லிஃப்டில் அவர் கதைக்காமல் நின்றது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த நாள் பின்னேரம் சம்மந்தியே போன் எடுத்து, கலியாண மண்டபம் பார்த்தாயிற்றா என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கலியாணப் பந்தியில்தான் விஷயத்தை அவிழ்த்தார்.

"உங்கட சிநேகிதர் வேட்டியோட சைக்கிள் ஓடி வந்தவர். 'ஐயா, நான்தான் பைத்தியம், அவரில்லை. அவருக்கு மூச்சு வாங்கும், கால் நடுங்கும். எண்டாலும் ஒருநாளும் இந்த மேட்டில இறங்கி உருட்டினதில்லை. பிள்ளையையும் அப்பிடித்தான் வளத்திருக்கிறார்' எண்டு சொன்னவர். எனக்கு அது காணும் சம்மந்தி." சொல்லிவிட்டுச் சிரித்தார். பல் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

காற்சட்டை வெட்கம் எல்லாம் ஒரு வெட்கமா? பந்தியில் எனக்கு எதிரே பாயாசத்துக்கு அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த அண்ணையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பாவி மனுசன் என்னை நம்பியல்லவா சாட்சி சொல்லியிருக்கிறார்!

பிறகு சுவிஸில் இருக்கும் அண்ணையின் மகனுக்குப் பிள்ளை பிறந்தது. அண்ணையும் மனைவியும் திரும்ப அந்தப் பள்ளத்தாக்குக்கே போய்விட்டார்கள். போன கிழமை வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். பின்னால் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. "பழைய ரோட்டு அப்பிடியே இருக்கு தம்பி. உச்சியில கனநேரம் நிண்டு பாத்தன். பின்னால ஒருத்தரும் வரேல்லை."

அதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த ஞாயிறு அந்தக் கறுத்தக் காற்சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு தனியாகவே போனேன். பேக்கரியடியில் கால் கெஞ்சியது. நான் இறங்கி உருட்டப்போகிறேன் என்று பேக்கரிப் பொடியன் வழக்கம்போல வழிவிட்டு ஒதுங்கி நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். உச்சியில் சம்மந்தி பால் பக்கற்றோடு நின்றிருந்தார். அவருக்கு முன்னாலேயே பேப்பரை எடுத்து நெஞ்சுக்குள் செருகினேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவரைக் கொண்டே படம் எடுப்பித்து அண்ணைக்கு அனுப்பினேன்.

அங்கே விடிந்த பிறகு, நான் மத்தியானச் சோற்றில் கை வைத்திருந்த நேரம், பதில் வந்தது.

"பேக்கரியடியில இறங்கினீரோ?"

மனுசனுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. சோற்றுக் கோப்பை கலங்கலாகத் தெரிய, இடக்கையால் தட்டித் தட்டி எழுதினேன்.

"இல்லை அண்ணை, இறங்கேல்லை. மேல வந்து பாத்தால், உங்களைத்தான் காணேல்லை."