தாத்தா தேடுவோர் நடத்தை விதிகள்

2006-ஆம் ஆண்டில் புதுச்சேரியில் தாத்தா தேடாத குடும்பம் மிகக் குறைவு. உயிரோடு இருந்தபோது ஒரு வாய் கஞ்சி ஊற்ற யோசித்தவர்கள்கூட, தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தார் என்று தெரிந்ததும் படத்துக்குப் புது மாலை வாங்கினார்கள். பட்டாளத்துத் தாத்தாவின் கல்யாணப் பதிவு கிடைத்தால் பேரனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிவிடலாம் என்பது ஊர்ப்பேச்சு.

நெல்லித்தோப்பு முருகையனும் தேடினார். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனியைப் பொங்கலோடு மூடப்போகிறார்கள். நாற்பத்தெட்டு வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? பிரெஞ்சுத் தூதரகத்தில் மனு போட்டாயிற்று. தாத்தா பாவாடையின் கல்யாணப் பதிவு எண்ணை நவம்பர் முப்பதுக்குள் கொடுக்காவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். பதிவேட்டு ஆபீஸிலோ, ஆண்டும் எண்ணும் சொன்னால்தான் தேடுவோம் என்றார்கள். எண் தெரிந்தால் நான் ஏன் தேடுகிறேன் என்று கேட்க முருகையனுக்குத் தைரியம் வரவில்லை.

அக்டோபர் முதல் தேதி ஸ்டெல்லாமேரியின் பிரவுசிங் சென்டருக்குப் போனார். இன்டர்நெட்டில் 'புதுவை முன்னோர் தேடல் குழு' என்று ஒன்று இருந்தது. "எங்க தாத்தா பாவாடை, சொல்தா. கல்யாணப் பதிவு எண் யாருக்காவது தெரியுமா? அவசரம்" என்று ஸ்டெல்லாமேரி அடித்து அனுப்பினாள்.

மறுநாள் பதில் வந்தது. "தங்கள் மடல் மரியாதைக் குறைவின் காரணமாக நிராகரிக்கப்படுகிறது. ஏழு நாட்களுக்குப் பின் திருத்தி அனுப்பலாம். கிறிஸ்துதாஸ், நெறியாளர்." கீழே போன் நம்பரும் இருந்தது.

கிறிஸ்துதாஸ் முப்பத்திரண்டு வருஷம் தலைமை எழுத்தராக இருந்து, ஒரு மனுவையும் முதல் தடவையில் வாங்காதவர் என்ற பெயரோடு ஓய்வு பெற்றவர். பழைய பதிவேடுகளிலிருந்து அவர் எழுதியெடுத்த நோட்டுகள் வீட்டு பீரோவில் நாற்பது இருந்தன. முருகையன் போன் போட்டார்.

"ஐயா, நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?"

"வணக்கம் எங்க?"

"மறந்துட்டேங்க."

"வணக்கம் இல்லாத மடலை முதல் வரிக்கு மேல படிக்கக்கூடாது. படிச்சா ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"கடைசியில அவசரம்னு எழுதியிருந்தேங்களே..."

"அவசரம்னு வேற எழுதுனீங்களா? அது ஒன்பதாவது விதி. பதில் சொல்றவங்கள விரட்டக்கூடாது."

"இல்லீங்க, முப்பதாந்தேதிக்குள்ள..."

"தேதியும் சொல்லக்கூடாது. அது பத்தாவது."

இரண்டாவது மடலில் வணக்கம் இருந்தது, நன்றி இல்லை. மூன்றாவதில் 'முன்கூட்டியே நன்றி' இருந்தது. உதவி கிடைக்குமுன் நன்றி சொல்வது உதவியைக் கட்டாயப்படுத்துவதாகும் என்று திரும்பி வந்தது. நான்காவதில், உயிரோடிருப்பவர் பெயரைப் பொதுவில் போடக்கூடாது என்ற விதி மீறப்பட்டிருந்தது. முருகையன் கீழே தன் பெயரைப் போட்டிருந்தார்.

"அண்ணா, அந்த ஆளு கோரிமேட்லதான இருக்காரு? வீட்டுக்கே போயி கேட்டுட்டு வந்துடுங்களேன்" என்றாள் ஸ்டெல்லாமேரி.

"சும்மா இரும்மா. நேர்ல போகக்கூடாதுங்கிறது இருபத்தொண்ணாவது விதி."

ஐந்தாவது மடல் ஏற்கப்பட்டது. நாற்பத்தொரு பேர் பதில் எழுதினார்கள். இவ்வளவு பண்பான மடலைப் படித்ததே இல்லை என்றார்கள். பிரான்சிலிருந்து ஒருவர் கண்கலங்கியதாகத் தெரிவித்தார். பாவாடையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. கிறிஸ்துதாஸ் மட்டும், மடலை ஏற்றபின் நோட்டைத் திறப்பதே முறை என்பதால், அன்றுதான் முதல் நோட்டைத் திறந்தார். கையோடு முருகையனைத் துணை நெறியாளராகவும் நியமித்தார்.

முருகையனுக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாள் முழுக்க கவுன்ட்டருக்கு வெளியே நின்றவர் முதல் தடவையாக உள்ளே உட்கார்ந்திருக்கிறார். மூன்று வாரத்தில் அறுபது மடல்களைத் திருப்பியனுப்பினார். தாத்தா ஞாபகமே வராத நாள்களும் இருந்தன.

நவம்பர் இருபத்தைந்தாம் தேதி, முப்பத்தேழாவது நோட்டில் பாவாடை கிடைத்தார். கிறிஸ்துதாஸ் உள்ளூர நல்ல மனுஷர். சந்தோஷத்தில் தான் நெறியாளர் என்பதையே மறந்துவிட்டார். "முப்பத்தேழாவது நோட்டைப் பார்த்தேன்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே, "பாவாடை, சொல்தா, கல்யாணம் 1931, எண் 86." அவ்வளவுதான் எழுதிக் குழுவுக்கு அனுப்பினார்.

"அண்ணா, உங்க தலைவரே எழுதியிருக்காரு" என்றாள் ஸ்டெல்லாமேரி.

"வணக்கம் இருக்கா?"

"இல்ல. நேரா நோட்டுன்னு ஆரம்பிக்கிறாரு. கீழ தள்ளிப் பாக்கலாமா?"

"தள்ளாத! படிச்சா ஏத்துக்கிட்ட மாதிரி." முருகையன் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "தலைவரா இருந்தா என்ன? திருப்பி அனுப்பு."

மறுநாள் பதில் வந்தது. "வணக்கம். தங்கள் நிராகரிப்பைக் கண்டு பெருமைப்படுகிறேன். விதி எனக்கும் பொருந்தும். திருத்திய மடலை ஏழு நாள் கழித்து, டிசம்பர் இரண்டாம் தேதி, முறைப்படி அனுப்புவேன். நன்றி."

"பாத்தியாம்மா, இதுதான் மரியாதை" என்றார் முருகையன்.

"அதுல என்னணா எழுதியிருப்பாரு?"

"ரெண்டாந்தேதி தெரிஞ்சிடப் போவுது."

கோப்பு மூடப்பட்டுவிட்டதாக, டிசம்பர் முதல் தேதியிட்ட கடிதம் வீட்டுக்கு வந்தது. முருகையன் இரண்டு தடவை படித்தார். வணக்கத்தில் தொடங்கி நன்றியில் முடிந்திருந்தது. அவரால் அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.