மழைக்கு அறுபது

மூன்றாவது கேமராவில் சாலையே தெரியவில்லை. அப்படி ஒரு மழை. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த பலகைக்காரர் பொத்தானை அழுத்தினார். முப்பது கிலோமீட்டர் தூரத்துக்கு, நெடுஞ்சாலையின் மேலே தொங்கிய மின்பலகைகளில் நூறு மறைந்து எண்பது வந்தது.

மழைக்கு ஏற்ப வேக வரம்பைக் குறைப்பதும் கூட்டுவதும்தான் அவர் வேலை. பதினோரு வருஷமாக அதையே செய்ததில், அவருடைய சொந்தப் பெயர் ஆபீசில் பலருக்கு மறந்தே போயிருந்தது.

செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, திடீர்னு எண்பதுன்னு காட்டுது?"

"நான்தான் போட்டேன். மழை."

"நாங்க இந்த ரோட்லதான் டாக்சியில போயிட்டிருக்கோம், ஞாபகம் இருக்கா? ஒன்பதரைக்கு கேட்டை மூடிடுவாங்க. விட்டா உங்க பொண்ணுக்குப் பரீட்சை அடுத்த வருஷம்தான்."

மணி எட்டு ஐம்பது. அவர் பதில் சொல்வதற்குள் திரையில் சிவப்பு விளக்கு மின்னியது. சாலையில் தண்ணீர் தேங்குகிறது. விரல் தானாகப் போய் அறுபதை அழுத்தியது.

"இப்ப அறுபதா?" என்றாள் மனைவி. "பெத்த பொண்ணுன்னு கூடப் பார்க்க மாட்டீங்களா?"

"தண்ணி நிக்குதும்மா. பிரேக் பிடிச்சா வழுக்கும்."

"ரோடு பூரா வண்டி. எல்லாரும் ஊர்ந்துக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் ஏத்தி விடுங்க."

அவர் போனை வைத்தார். மறுபடி அடித்தது. இழுப்பறைக்குள் போட்டு மூடினார். இழுப்பறை அதிர்ந்தது. பக்கத்து மேஜையிலிருந்து மேலதிகாரி திரும்பிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எடுத்தால், இந்தத் தடவை மகள்.

"பரவாயில்லப்பா," என்றாள். குரல் உடைந்திருந்தது. "உங்க வேலையப் பாருங்க."

மனைவியின் கோபத்தைத் தாங்கியவரால் அந்தப் 'பரவாயில்ல'யைத் தாங்க முடியவில்லை. ரெண்டு வருஷம் விடியற்காலையில் எழுந்து படித்த பெண். ஐந்தாவது கேமராவில் மழை கொஞ்சம் விட்ட மாதிரி இருந்தது. விட்ட மாதிரிதான். மூன்றே நிமிஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எண்பதைப் போட்டார்.

இரண்டாவது நிமிஷம், மெத்தை ஏற்றிய லாரி ஒன்று தண்ணீரில் வழுக்கிச் சாலையின் குறுக்கே திரும்பி நின்றது. மெத்தைகள் சரிந்தன. பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாகத் திணறி நிற்பதை அவர் மூச்சுவிடாமல் பார்த்தார். எதுவும் மோதவில்லை. லாரி டிரைவர் இறங்கி, தலையில் கை வைத்தபடி மழையில் நின்றார்.

பலகைக்காரர் உடனே பலகைகளில் நாற்பதைப் போட்டார். மீட்பு வண்டியை அனுப்பினார்.

"யாருய்யா எண்பது போட்டது?" என்றார் மேலதிகாரி.

"நான்தான் சார். மழை விட்ட மாதிரி இருந்துச்சு."

"அதையே எழுதிக் குடுங்க."

எழுத உட்கார்ந்தார். கண் மட்டும் கேமராவிலேயே இருந்தது. தேங்கி நின்ற நூற்றுக்கணக்கான வண்டிகளில் அவர் வீட்டு டாக்சி எது? ஒன்பதரை ஆனது. ஒன்பது நாற்பதும் ஆனது. மகளின் கேட்டைத் தன் கையாலேயே மூடிவிட்டோம் என்று தோன்றியது.

பத்தரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"சார், டாக்சி டிரைவர் பேசறேன். அம்மா போன்ல சார்ஜ் இல்ல. பாப்பா உள்ள போயிடுச்சுன்னு சொல்லச் சொன்னாங்க."

"கேட் மூடலையா?"

"கேள்வித்தாள் கொண்டு வந்த வேனே எங்க பின்னாலதான் சார் மாட்டிக்கிச்சு. பரீட்சையை ஒரு மணி நேரம் தள்ளிட்டாங்க."

பலகைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு, மேலதிகாரி காதில் விழாமல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நடுவுல கொஞ்ச நேரம் எண்பதாக்கினேனே, அது உங்களுக்குக் கொஞ்சமாவது உதவுச்சா?"

"எங்களுக்கா? கிளம்பினதுலேருந்து நாற்பதைத் தாண்ட அம்மா விடவே இல்ல சார். மத்தவங்க எல்லாம் வேகமாப் போயிட்டா நமக்கு ரோடு காலியாயிடும்னுதான் உங்களுக்குப் போன் மேல போன் போட்டாங்க."