அஞ்சலட்டையில் நின்றுபோன கல்யாணம்

பத்துபஸ்தி,
போர்ட் பிளேர்.

மரியாதைக்குரிய மச்சான் சிவபிரகாஷ் அவர்களுக்குத் தங்கையா வணக்கத்துடன் எழுதுவது. முருகன் தயவில் இங்கு மூவரும் உண்டு உறங்கி வருகிறோம். அதற்குமேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கு எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் கத்துவீர்கள், அதனால்தான் கடிதம்.

நீங்கள் சொன்ன கடற்படை மாப்பிள்ளை மகேஷ்குமார், ஞாயிற்றுக்கிழமை தாயாரோடு பெண் பார்க்க வந்தார். உங்கள் மருமகள் கார்த்திகா காலேஜில் சரித்திரம் நடத்துவதோடு நிற்காமல், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே போர் வேண்டாமென்று சங்கம் வைத்தவர்களைப் பற்றி ஆராய்ச்சி வேறு செய்கிறாள். 1934இல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியார், ‘இனி எந்தப் போரையும் ஆதரிக்க மாட்டேன்’ என்று அஞ்சலட்டை எழுதும்படி ஆண்களைக் கேட்டாராம். லட்சம் பேர் எழுதினார்களாம். ஐந்தே வருஷத்தில் போர் வந்தது, ஜப்பான்காரன் இந்த ஊரிலேயே வந்து இறங்கினான் என்று நான் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அது போகட்டும், காபித் தட்டில் அதே வாசகம் எழுதிய அட்டையையும் வைத்துக்கொண்டு வந்து, “முதல்ல இதுல ஒரு சைன் பண்ணுங்க” என்றாளே மச்சான், என்ன செய்ய! உங்கள் தங்கை பானுமதி அவள் இடுப்பைக் கிள்ளினாள், பலனில்லை. மாப்பிள்ளை நிதானமாகப் படித்தார். “மன்னிச்சுக்குங்க, சைன் பண்ணா பொய்யாயிடும். போகச் சொன்னா நான் போவேன்” என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். “அரே, இது பொண்ணு பாக்குற வீடா, போலீஸ் தானாவா? சலோடா!” என்று தாயார் எழுந்துவிட்டார். வடையைத் தொடக்கூட இல்லை.

போன மாதம் பெண் பார்க்க வந்த ஹேவ்லாக் தீவு ரிசார்ட் மேனேஜர் கேட்டவுடனே கையெழுத்துப் போட்டான். படிக்காமல் போடுகிறவன் வேண்டாம் என்றாள். போட்டாலும் குற்றம், போடாவிட்டாலும் குற்றம் என்றால் நான் எந்த நாட்டில் போய் மாப்பிள்ளை தேடுவது? எனக்கு அலுத்துவிட்டது. மகேஷ்குமாரின் தாயாரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, இந்த இடத்தை முடித்துவிடுங்கள். இனி யாரையும் அனுப்ப வேண்டாம்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
களைத்துப்போன
தங்கையா

பி.கு.: உறையை ஒட்டும்போது கார்த்திகா வந்து, “அப்பா, மகேஷையே கட்டிக்கிறேன். பொய் சொல்ல வராத ஆளு. மீதியை நான் பேசிப் பேசி மாத்திக்கிறேன்” என்றாள். அவரும் மூன்று நாளாக அவளோடு போனில் இதைப் பற்றியே சண்டை போடுகிறாராம். மேலே எழுதியதைப் படிக்காமல், உடனே முகூர்த்தம் பாருங்கள்.