பிடித்துத் தைத்த வீடு

ஒரு நகரத்தின் நாகரிகத்தை அறிய விரும்புகிறவர்கள் அதன் நூலகங்களையும் பூங்காக்களையும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. நேராகச் சொத்து வரி அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒரு குடிமகன் தன்னைப் பற்றித் தானே அறியாததெல்லாம் அங்கே தெரியும். அவன் வசதியாக வாழ்கிறான் என்ற நல்ல செய்தியைக்கூட அவனுக்கு முதலில் சொல்வது அந்த அலுவலகம்தான்.

தையல்காரருக்கும் அப்படித்தான் சொன்னது. அவருடைய வீடு ‘எளிய இல்லம்’ என்ற தாழ்ந்த நிலையிலிருந்து ‘வளமான இல்லம்’ என்ற உயர்ந்த நிலைக்கு ஏற்றப்பட்டிருப்பதாகவும், அதற்கேற்ப வரி இரட்டிப்பாவதாகவும் ஒரு திங்கட்கிழமை தகவல் வந்தது. வீட்டில் யாரும் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. காரணம் தெருவில் இருந்தது. நகராட்சி அவர் வாசலுக்கு எதிரே ஒரு விளக்குக் கம்பமும் ஓர் இரும்பு பெஞ்சும் போட்டிருந்தது. விளக்கு எரியவில்லை. பெஞ்சுக்கு மூன்று கால்கள்தான். நாலாவது ‘இரண்டாம் கட்டப் பணியில்’ வரும் என்று அதன் முதுகில் எழுதியிருந்தார்கள்.

வளம் வாசலில் வந்து நின்றதும் வீட்டுக்குள் சிக்கனம் நுழைந்தது. பால் பாதியானது. மின்விசிறி, விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றியது. அவருடைய மனைவி சொத்தைப் பல்லை வைத்தியரிடம் காட்டுவதை மறுபடியும் தள்ளிப்போட்டாள். வலது பக்கமாகவே மென்று சாப்பிடப் பழகிவிட்டது, பேசும்போதுதான் வலிக்கிறது, அதனால் உங்களுக்கு லாபம்தான் என்று கணவரைச் சமாதானப்படுத்தினாள்.

நடு அறையை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் வரியைக் கட்டிவிடலாம் என்று தையல்காரர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். அவளும் மருமகனும் கைக்குழந்தையுடன் நகரத்தின் இன்னொரு மூலையில் வாடகைக்கு இருந்தார்கள். அந்த வீட்டுக்காரரும் ‘வளமான’ நிலைக்கு உயர்ந்து, அந்தப் பெருமையைத் தனியாக அனுபவிக்க மனமில்லாமல் வாடகையில் பகிர்ந்துகொண்டிருந்தார்.

“அப்பா, கொஞ்ச நாளைக்கு நாங்க அங்க வந்து இருக்கட்டுமா? நடு ரூம் சும்மாத்தானே கிடக்கு?”

“இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா? உன் வீடு” என்றார் அவர். சொல்லிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இனி வாடகை கிடையாது. வரி குறைய வேண்டும். குறையாவிட்டால் வீட்டை விற்க வேண்டும். விற்றுவிட்டால் மகள் எங்கே வருவாள்?

மறுநாள் வரி அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் மிகுந்த பொறுப்புடன் தன் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வீடு சின்னதா இருந்தா வரி குறையுமா சார்?”

“கண்டிப்பா. உள்ளளவு எவ்வளவோ, அதுக்குத்தான் வரி.”

“வெளிப்பக்கம் அளக்க மாட்டீங்களா?”

“வெளியில வெயில் அடிக்கும்ல?”

தையல்காரரின் முகம் மலர்ந்தது. மெலிந்துபோன வாடிக்கையாளரின் சட்டையை நல்ல தையல்காரர் யாரும் வெட்ட மாட்டார். இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்துவிடுவார். துணி எங்கேயும் போகாது. மறுபடி உடம்பு போட்டால் தையலைப் பிரித்துவிட்டால் தீர்ந்தது. வாழ்நாளெல்லாம் இந்த வித்தையில் சோறு சாப்பிட்டவருக்கு, வீடும் ஒரு சட்டைதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கொத்தனாரை அழைத்து, ஒவ்வோர் அறையிலும் இரண்டு பக்கமும் ஒரு முழம் பிடித்துக் கட்டச் சொன்னார்.

“சுவருக்குள்ள இன்னொரு சுவரா? எதுக்குண்ணே?”

“வரி ஆளு வந்துட்டுப் போற வரைக்கும்தான். அப்புறம் பிரிச்சு விட்டுக்கலாம்.”

செங்கல்லுக்குப் பொத்தான் வைத்துக் காஜா எடுக்கச் சொல்லாதவரை சரி என்று கொத்தனார் வேலையை ஆரம்பித்தார். வீடு நாளுக்கு நாள் மெலிந்தது. கட்டிலை நிமிர்த்தி வைத்தார்கள். பீரோ வெளியேறியது. நடைவழியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னோக்கி நடந்தே ஆக வேண்டும். விட்டுக்கொடுத்து வாழ்வது என்று பெரியவர்கள் சொன்னது அந்த வீட்டில் முதல் தடவையாகக் கண்கூடாக நடந்தது.

செய்தி தெரு முழுவதும் பரவியது. இஞ்சி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தையல்காரர் வீடு வீடாகப் போய் அளவு எடுத்தார். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஆர்வக்கோளாறில் கூடுதலாகப் பிடித்துக் கட்டிவிட்டு, தன் வீட்டுக் குளியலறையிலேயே அரை நாள் மாட்டிக்கொண்டார். வெளியே வந்ததும் வரி மிச்சம் என்று சிரிக்கத்தான் செய்தார்.

மதிப்பீட்டு அதிகாரி வந்தார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து எல்லா அறைகளையும் அளந்தார். “கச்சிதமான குடும்பம்” என்று பாராட்டினார். வீடு மீண்டும் ‘எளிய இல்லம்’ ஆனது. மனைவி பல் வைத்தியரிடம் நாள் குறித்தாள். தையல்காரர் மகளுக்கு போன் செய்து, சாமான்களைக் கட்டச் சொன்னார். சுவரைப் பிரிக்கக் கொத்தனாருக்கும் சொல்லிவிட்டார்.

கொத்தனார் கடப்பாரையை எடுப்பதற்குள் அடுத்த தகவல் வந்துவிட்டது. அலுவலகம் தூங்கவில்லை. பழைய உள்ளளவிலிருந்து புதியதைக் கழித்து, மீதியெல்லாம் சுவர் என்று கண்டுபிடித்திருந்தது. இவ்வளவு கனமான சுவர்கள் உள்ள கட்டடம் சட்டப்படி ‘கோட்டை வகை’. அதற்கு மும்மடங்கு வரி. ஆட்சேபம் இருந்தால் விசாரணைக்கு வரலாம்.

போனார். நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒரு சாதாரணக் குடிமகனுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய சுவரு? யாரைப் பார்த்து இப்படிப் பயப்படுறீங்க?” என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

தையல்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பதில் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டார். சுவர்களை இடித்துவிடுவதாகக் கெஞ்சினார். இடித்தால் உள்ளளவு கூடும், அது ‘விரிவாக்கம்’, அதற்குத் தனி அனுமதியும் தனிக் கட்டணமும் உண்டு, அனுமதி வரும்வரை ஒரு கல்லையும் தொடக் கூடாது என்று மூவரும் அன்பாக விளக்கினார்கள்.

அவர் வீடு திரும்பியபோது வாசலில் ஒரு சின்ன லாரி நின்றது. மருமகன் பழைய வீட்டில் மீதிச் சாமானைக் கட்டப் போயிருந்தான். மகள் கொண்டுவந்த தொட்டில் கூடத்தைத் தாண்டி நடைவழியில் சிக்கிக்கொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

“நடு ரூம் எங்கப்பா?” என்றாள் மகள்.

அவர் சுவரைத் தடவிக் காட்டினார். “இதுக்குள்ளதாம்மா இருக்கு. அப்பா பிரிச்சு விட்டுடுறேன்.”

அளவு சரியில்லை என்று அவரிடமிருந்து ஒரு வாடிக்கையாளர்கூடத் திரும்பிப் போனதில்லை. பெற்ற மகளுக்கு அளவெடுக்கும்போதா கை தப்ப வேண்டும்? வெட்கமாக இருந்தது. மனைவி தாடையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: “பல்லும் வலிக்குது, சுவரும் நிக்குது. பிள்ளையை எங்க படுக்க வைக்கிறது, அதைச் சொல்லுங்க முதல்ல.”

எதிரே பெஞ்சு இருந்தது. மகள் அதில் ஒரு போர்வையை விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள். பெஞ்சு கால் இல்லாத மூலைக்குச் சரிந்தது. தையல்காரர் ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்து, அந்த மூலைக்கு அடியில் தோளைக் கொடுத்தார். பெஞ்சு நிமிர்ந்தது. குழந்தை தூங்கியது.

அப்போது மதிப்பீட்டு அதிகாரி வந்தார். யாராவது அனுமதி இல்லாமல் சுவரை இடிக்கிறார்களா என்று தெருத்தெருவாகப் பார்த்துக் களைத்திருந்தார். அவர் உட்கார வருவதைக் கண்டதும் மகள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவர் சாவகாசமாக, தையல்காரர் தாங்கிய மூலையிலேயே உட்கார்ந்து கால்மேல் கால் போட்டார். ஒரு தரம் அசைந்து பார்த்தார். அவர் முகத்தில் கடமையின் ஒளி வீசியது.

“அட, பெஞ்சு ஆடவே இல்லையே! இரண்டாம் கட்டப் பணி முடிஞ்சிருச்சா?” என்று பையிலிருந்து பேனாவை எடுத்தார். “அப்ப தெருவோட வசதி கூடியிருக்கு. எழுதணுமே.”

“எழுதிக்குங்க சார்” என்றார் கீழேயிருந்து தையல்காரர். “மூணு காலு இரும்பு. நாலாவது காலு நான். உங்க ஆபீசும் இத்தனை வருசமா இப்படித்தான் நிக்குது.”

அதிகாரி மெல்லக் குனிந்து பார்த்தார்.

“இப்ப நான் எந்திரிக்கட்டுமா சார்?”