எட்டாவது ஆள்

இந்தக் காலத்தில் ஆளைக் கூப்பிட்டால் ஆள் வேண்டும் என்று அர்த்தம் இல்லை. தலை வேண்டும், அவ்வளவுதான். கூட்டம் போட்டால் தலையை எண்ணுகிறார்கள். கடை திறந்தால் தலையை எண்ணுகிறார்கள். செத்தவன் வீட்டில்கூட எத்தனை கார் நின்றது என்றுதான் பேச்சு. தலைக்குள் இருப்பது மூளையா மண்ணாங்கட்டியா என்று எவனும் பார்ப்பதில்லை.

குழாய்க்காரருக்கும் அப்படித்தான் அழைப்பு வந்தது. கூப்பிட்டது பெற்ற மகள்.

"அப்பா, எனக்கு ஒரு ஆள் குறையுது."

அவர் சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். "எந்த வேலைக்கு?"

"வேலைக்கு இல்லப்பா, வகுப்புக்கு. இந்த வருஷம் எட்டுப் பேர் இருந்தாத்தான் வகுப்புன்னு சொல்லிட்டாங்க. என்கிட்ட ஏழுதான் இருக்கு. வகுப்பை மூடினா எனக்கும் வேலை போயிடும்."

குழாய்க்காரர் நாற்பத்திரண்டு வருஷம் ஊரில் உள்ள குழாய்களையெல்லாம் பிரித்துப் பூட்டியவர். படிப்பு நாலாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. மகளோ ஆறு வருஷம் ஒரே ஒரு மொழியைப் படித்தாள். மலைகளுக்கு அந்தப் பக்கம் இரண்டு பள்ளத்தாக்குகளில் மட்டும் பேசுகிற மொழி. அவளுக்கு வேலை கொடுத்த பயிற்சி நிலையத்தில் மூன்றாவது மாடியை இப்படிப்பட்ட மொழிகளுக்கு ஒதுக்கி, 'அதிகம் கற்பிக்கப்படாத மொழிகள்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். கற்பிக்காததற்கு எதற்குப் பலகை என்று அவர் முதல் நாளே கேட்டார். 

"நாலு பேர் பேசற மொழியாப் பார்த்துப் படின்னு அப்பவே சொன்னேன்."

"முப்பதாயிரம் பேர் பேசறாங்கப்பா."

"அதுல ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து உட்கார வை."

"அவங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே."

"எனக்கு நம்ம மொழியே கையெழுத்துப் போடற அளவுக்குத்தான் தெரியும்."

"அது போதும்பா. கையெழுத்துதான் வேணும்," என்று விண்ணப்பத்தை நீட்டினாள். முழங்கை வரைக்கும் அழுக்காக இருந்தவர், சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பெற்ற பாவம்.

திங்கட்கிழமை சாயங்காலம் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். அறையில் எட்டு நாற்காலி, ஒரு கரும்பலகை, ஒரு பழைய டேப் ரெக்கார்டர். மாணவர்கள் ஏழு பேர். ஒருவர்கூட மாணவர் வயதில் இல்லை. மூலையில் அவருடைய மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி மேல் இவ்வளவு மரியாதையா என்று குழாய்க்காரருக்கு மனசு இளகியது. மேசைக்கு அடியில் மாப்பிள்ளை கைப்பேசியில் சீட்டாடுவதைப் பார்த்ததும் பழையபடி இறுகிவிட்டது.

அந்த மொழிக்கு உலகத்திலேயே ஒரு பாடப்புத்தகம்தான் இருக்கிறதாம். எந்தக் காலத்திலோ நிலம் அளக்கப் போன ஓர் அதிகாரி எழுதியது. அதை நகல் எடுத்து, நகலை மறுபடி நகல் எடுத்து, எழுத்தெல்லாம் நசுக்கின கொசு மாதிரி கிடந்தது. முதல் பாடம், 'என் கோவேறு கழுதை நொண்டுகிறது.' இரண்டாம் பாடம், 'உங்கள் தலைவரிடம் என் துப்பாக்கியைக் காட்ட விரும்புகிறேன்.'

"தண்ணி வேணும்னா எப்படிக் கேக்கறது?" என்றார் குழாய்க்காரர்.

மகள் பக்கங்களைப் புரட்டினாள். "அது பதினோராவது பாடம்பா. அது வரைக்கும் இன்னும் யாரும் போனதில்லை."

"அது வரைக்கும் தாகத்தோட இருக்கணுமா?"

அவள் டேப் ரெக்கார்டரைத் தட்டிவிட்டாள். ஒரு கிழவரின் குரல் அந்த மொழியில் 'என் கோவேறு கழுதை' என்று சொல்லி, லொக் லொக்கென்று இரண்டு தரம் இருமி, 'நொண்டுகிறது' என்று முடித்தது. ஏழு பேரும் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். அதே இடத்தில் இரண்டு தரம் இருமினார்கள்.

"இருமல் எதுக்கு?"

"டேப்புல அப்படித்தான் இருக்கு."

"அந்த ஆளுக்குச் சளி பிடிச்சிருக்கும்மா."

"இருக்கலாம்பா. இல்லாமலும் இருக்கலாம். நான் படிச்சப்பவும் இருமித்தான் சொன்னேன். யாரும் மார்க் குறைக்கலை."

"நீ அந்த ஊர் ஆளை நேர்ல பார்த்திருக்கியா, இல்லையா?"

"குரல் கேட்டிருக்கேன்," என்றாள் மகள், கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு.

மணி அடித்ததும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தாடி வைத்த ஒருவர் குழாய்க்காரரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, உங்களால ரொம்ப உபகாரம். நாளைக்கு நம்ம ரூமுக்கு வந்துடுங்க. அடுத்த கதவுதான்."

"உங்க ரூம்ல என்ன?"

"தீவு மொழி. நான்தான் வாத்தியார்."

குழாய்க்காரர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். மாடியில் நாலு மொழி, நாலு ஆசிரியர். பள்ளத்தாக்கு மொழிக்கு அவள், தீவு மொழிக்குத் தாடிக்காரர், பாலைவன மொழிக்கு ஒரு டீச்சர், பனி மொழிக்கு ஒரு வாத்தியார். ஒருத்தர் பாடம் நடத்தும்போது மற்ற மூணு பேரும் மாணவர்களாக உட்கார்ந்துகொள்வார்கள். ஆளுக்கு ஒரு சொந்தக்காரர் என்று அவள் புருஷன், தாடிக்காரர் மனைவி, டீச்சரின் அக்கா, பனி வாத்தியாரின் மாமியார் ஆக நாலு பேர். மூணும் நாலும் ஏழு.

"அப்ப எல்லா ரூம்லயும் ஏழுதானா?"

"எல்லா ரூம்லயும் ஏழுதான்பா."

"நிஜமாப் படிக்கிறவன் எத்தனை பேர்?"

 தாடிக்காரர் சொன்னார்: "ஐயா, முதல்ல வகுப்பைக் காப்பாத்தணும். வகுப்பு இருந்தாத்தானே படிக்கிறவன் வருவான்."

அப்படியாக அவர் செவ்வாய்க்கிழமை தீவு மொழிக்கும், புதன்கிழமை பாலைவன மொழிக்கும், வியாழக்கிழமை பனி மொழிக்கும் எட்டாவது ஆளாக உட்கார்ந்தார். பனி வாத்தியாரின் மாமியார் பக்கத்து நாற்காலியில் கம்பளி பின்னிக்கொண்டிருப்பார்.

"நீங்க எத்தனை நாளா வர்றீங்க?" என்று ஒரு நாள் கேட்டார்.

"மூணு வருஷமா. இன்னும் முதல் பாடம்தான்."

"ஏன், மண்டையில ஏறலையா?"

"உங்களை மாதிரி யாராவது வந்து சேர்ந்துடறீங்களே. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சுடறார். போன வருஷம் வரைக்கும் ஏழு பேர் போதும்னு இருந்தது. ஏழும் நிரம்பிடுச்சு, பிரமாதம்னு சொல்லி எட்டாக்கிட்டாங்க. இப்ப எட்டும் நிரம்பியாச்சு. என்ன ஆகப்போகுதோ."

கிழவி வாய் வைத்தது பலித்தது. நாலு வகுப்பிலும் எட்டுக்கு எட்டு, ஒரு நாள்கூட விடுப்பு இல்லை என்று கண்ட நிர்வாகி சந்தோஷம் தாங்காமல் தலைமையகத்துக்கு எழுதிவிட்டார். இந்த அதிசயத்தை நேரில் பார்க்க ஓர் ஆய்வாளர் வருவதாகப் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வருவார். நாலு வகுப்பும் அப்போது ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

மாடியில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

"உண்மையைச் சொல்லிடலாம்," என்றார் பனி வாத்தியார். வீட்டுக்கடன் வாங்கியிருந்த தாடிக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பனி வாத்தியார் அடங்கிவிட்டார்.

"ஒரு ரூம்லேருந்து இன்னொரு ரூமுக்கு உள்கதவு இருக்குல்ல?" என்று குழாய்க்காரர்தான் வாயைக் கொடுத்தார். "அந்த ஆள் வராந்தா வழியா சுத்தி வரதுக்குள்ள உள்ள பூந்து போயிடலாமே." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். குழாயில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று யோசித்துப் பழகிய புத்தி, சும்மா இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு கரும்பலகையிலும் பாடம் எழுதித் தயாராக இருந்தது. ஆள் இல்லாத அறைகளில் டேப் ரெக்கார்டரைச் சத்தமாகப் போட்டுவிட்டார்கள். ஆய்வாளர் நிர்வாகியோடு மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். கண்ணாடி போட்ட, சாதுவான மனிதர். முதல் அறையில் மகள் நடத்தினாள், எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கழுதை நொண்டியது. எல்லோரும் இருமினார்கள். ஆய்வாளர் குறித்துக்கொண்டு வெளியே போனார்.

"ஓடுங்க," என்றாள் மகள்.

ஒன்பது பேரும் உள்கதவில் முட்டிக்கொண்டு நுழைந்தார்கள். ஆய்வாளர் இரண்டாவது அறையை எட்டிப் பார்க்கும்போது தாடிக்காரர் கரும்பலகைக்குப் பக்கத்தில் சாக்கட்டியோடு நின்றார், மகள் முதல் வரிசையில் மாணவியாக உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.  மூன்றாவது அறையில் கம்பளி நூல் கதவிடுக்கில் மாட்டி, அறைக்குக் குறுக்கே கயிறு கட்டின மாதிரி நின்றது. அதைத் தாண்டிக்கொண்டு போய் ஆய்வாளர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

நாலாவது அறைக்குள் குழாய்க்காரருக்கு முன்னால் ஆய்வாளர் வந்துவிட்டார். முட்டி ஒத்துழைக்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு குழாய்க்காரர் மட்டும் உள்கதவைத் திறந்துகொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

"ஏன் ஐயா தாமதம்?" என்றார் ஆய்வாளர்.

"முன் வகுப்பு இப்பத்தான் முடிஞ்சது."

"உங்களை நாலு ரூம்லயும் பார்த்தேன்."

"ஆமா."

"உங்களை மட்டும் இல்ல. எல்லாரையும் நாலு ரூம்லயும் பார்த்தேன்."

நிர்வாகிக்கு முகம் வெளுத்தது. மகள் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றி இந்தத் தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருபத்தாறு வருஷமா ஆய்வுக்குப் போறேன். எங்க போனாலும் காலி நாற்காலிதான். ஆசிரியர்களே மாணவங்களா உட்கார்ந்து, குடும்பம் குடும்பமா, ஒரு ஆளு நாலு மொழி படிக்கிற இடத்தை இன்னிக்குத்தான் பார்க்கறேன். ஐயா, உங்க வாயால இந்தப் பனி மொழியில ஒரு வாக்கியம் சொல்லுங்க. கேட்டுட்டுப் போறேன்."

குழாய்க்காரருக்குத் தெரிந்தது ஒன்றுதான். பள்ளத்தாக்கு மொழியில் கழுதையை நொண்டவிட்டு, நடுவில் இரண்டு தரம் இருமினார். பனி வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆகா," என்றார் ஆய்வாளர். "அந்த ஊர்க் குளிரே காதுல விழுது."

பத்து நாளில் கடிதம் வந்தது. நாலு வகுப்பும் தொடரலாம். இத்தனை ஆர்வம் உள்ள இடத்தில் எட்டுப் பேர் என்பது குறைவு என்பதால், அடுத்த பருவத்திலிருந்து வகுப்புக்குப் பன்னிரண்டு பேர் கட்டாயம்.

எல்லோரும் ஒருமிக்கக் குழாய்க்காரரைப் பார்த்தார்கள்.

"ஐயா," என்று தாடிக்காரர் ஆரம்பித்தார், "உங்ககூட வேலை பார்த்தவங்க ஒரு நாலு பேர் சும்மாதானே இருப்பாங்க?"

"அவங்க சும்மா இருக்காங்க. பைத்தியமா இல்லை." குழாய்க்காரர் எழுந்தார். "போதும். நான் பேரை எடுத்துக்கறேன்."

மகள் படிக்கட்டு வரைக்கும் பின்னாலேயே வந்தாள். "அப்பா, இப்ப எடுத்தீங்கன்னா ஏழாயிடும். நாளைக்கே மூடிடுவாங்க."

"மூடட்டும்மா. யாரும் வராத கடையைத் திறந்து வெச்சுக்கிட்டு, நமக்கு நாமே வாங்கிட்டு, நமக்கு நாமே விக்கறது ஒரு பொழைப்பா? என்கூட வா. குழாய் பூட்டக் கத்துத் தர்றேன். அதுக்கு உலகம் பூரா ஆள் தேடறான்."

அவள் கண் கலங்கினாள். அதைப் பார்த்தால் மறுபடி மேலே ஏறிவிடுவோம் என்று தெரிந்து, அவர் பார்க்காமல் இறங்கினார்.

கீழ்த்தளத்தில் விண்ணப்பம் வாங்குகிற ஜன்னல். உள்ளே ஒரு பெண் பேரேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணாவது மாடியில நாலு வகுப்புலயும் என் பேர் இருக்கும். அடிச்சுடும்மா."

அவள் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏன் ஐயா? ரூமுக்கு எட்டே எட்டு நாற்காலி, யாருக்கும் கிடைக்காத இடம் உங்களுக்குக் கிடைச்சிருக்கு. அதைப் போய் விடறேங்கறீங்களே."

"கிடைக்காத இடமா? கெஞ்சிக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சாங்கம்மா. தானா வந்து இதைப் படிக்கிறவன் இந்த உலகத்துலயே கிடையாது."

"யார் சொன்னா? அந்தப் பள்ளத்தாக்குல அணை கட்டப் போறாங்க. வேலைக்குப் போற ஆளுங்க எல்லாம் இங்கதான் வந்து கேக்கறாங்க."

"எழுபத்தொரு வயசு ஆகுது. என்கிட்டயேவா கதை விடறே," என்று குழாய்க்காரர் திரும்பி வாசலைப் பார்க்க நடந்தார். முட்டி வலித்தது. அவர் நிற்கவில்லை, நம்பவும் இல்லை.

ஜன்னலுக்குள்ளிருந்து அவள் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: "கதை இல்ல ஐயா, எட்டாவதா உங்க பேர் ஏறின மறுநாள்ல இருந்து அந்த மொழிக்குன்னு வந்த முப்பத்தி நாலு பேரை, இடம் நிரம்பிடுச்சுன்னு நான்தான் திருப்பி அனுப்பியிருக்கேன்."